மேல் தாழ்ப்பாள்

பிற்பகல் மூன்று மணி ஐம்பது நிமிடம். முதலில் கண்டது தப்பால் பை; தபாலுக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். எங்கள் வீட்டுப் படியில் வாய் திறந்து கிடந்தது. அதிலிருந்து இரண்டு கடிதங்களும் சுருட்டிய பத்திரிகை ஒன்றும் புல்லில் விழுந்து நனைந்திருந்தன. பத்திரிகை எனக்கு வந்தது. பைக்கு மூன்றடி தள்ளி, கீழ்ப்படியில், தோட்டத்துத் தப்பால்காரர் உட்கார்ந்திருந்தார். தலைத்துண்டை மடித்து வலது கையால் பின்மண்டையில் அழுத்தியிருந்தார். துண்டு சிவந்திருந்தது. இடது கையை மடியில் வைத்திருந்தார். அதன் நடுவிரல் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை.

"மாஸ்டர், அம்மா அடிச்சுப்புட்டாங்க," என்றார். "எதுக்குன்னு தெரியலீங்க."

கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்."

உள்ளே குறுக்குக்கட்டை நகரும் ஓசை கேட்டது. என் மனைவி கதவைத் திறந்தாள். கையில் அடுப்பு ஊதும் இரும்புக் குழல் இருந்தது. என்னைப் பார்த்த பிறகும் அதைக் கீழே வைக்கவில்லை. உள்ளே போய்த் திரும்பிக் கதவைப் பார்த்தேன். மேல் தாழ்ப்பாளின் கம்பியிலும் அதை ஒட்டிய பலகையிலும் இரத்தம் இருந்தது. நான்கு விரல்களின் தடம். இன்னும் காயவில்லை.

சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் வைத்திருப்பேன். அதில் எழுதினேன்: "3.50. பனி. காற்று இல்லை. மேல் தாழ்ப்பாளில் இரத்தம்." அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் வேறு எதுவும் இல்லை.

அது ஐம்பதுகளின் பிற்பகுதி. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியன். அதற்கு முன் மூன்று வருடம் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் பிழை திருத்தினேன். பிறகு செய்திகளை வெட்டி ஒட்டும் மேசைக்கு மாற்றினார்கள். நேரம், இடம், கண்டது, யார் சொன்னது என்ற நான்கும் இல்லாமல் ஒரு வரியும் உள்ளே போகாது என்று அங்கே படித்துக்கொண்டேன். தோட்டத்துக்கு வந்த பிறகும் மண்சரிவு, பஸ் விபத்து, தீமிதித் திருவிழா என்று அந்தப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். நான் பிறந்தது லிந்துலைக்குப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் லயத்தில். ஆகவே மலைப் பழக்கம் எதையும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மனைவி தலைமன்னாரில் வளர்ந்தவள். என் அப்பாவுக்குத் தூரத்து உறவு. அவளுடைய தகப்பனார் அங்கே துறைமுக ரயில் பாதையில் வேலை பார்த்தார். வெயில், மணல், கடல் காற்று. பகலில் அங்கே யாரும் கதவைச் சாத்துவதில்லை என்று அவள் சொல்வாள். அன்னிய ஆண் ஒருவர் வீட்டுக்கு வந்தால் கதவு அகலத் திறந்திருக்க வேண்டும். தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே இருப்பது தெரிய வேண்டும். கதவைச் சாத்திவிட்டு ஒரு பெண்ணோடு பேசுகிற ஆள் எதற்கு வந்தான் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும்.

மலையில் நேர்மாறு. கதவைத் திறந்து வைத்தால் பனி உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். துணி காயாது, விறகு பிடிக்காது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும். அதனால் உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும், ஆணோ பெண்ணோ, முதல் காரியமாகக் கதவைச் சாத்துவார்கள். குதிகாலால் தள்ளுவார்கள். குறுக்கே நகரும் மரக்கட்டையை முழங்கையால் இடித்துப் போடுவார்கள், கையில் எப்போதும் சுமை இருக்கும் என்பதால். நானும் அப்படித்தான் செய்வேன். செய்வது எனக்கே தெரியாது.

கல்யாணமாகி வந்த முதல் மாதம் அடுத்த வீட்டுக் கணக்கப்பிள்ளையின் மனைவி பார்க்க வந்தாள். உள்ளே வந்தவுடன் கதவைச் சாத்தினாள். என் மனைவி எழுந்து போய்த் திறந்தாள். அவள் மறுபடி சாத்தினாள். இவள் மறுபடி திறந்தாள்.

"ஏன்டி தலைமன்னார்க்காரி, பனிக்கும் சேத்தா தேத்தண்ணி ஊத்தப் போற?"

"எனக்கு மூச்சு முட்டுதுக்கா."

"முட்டட்டும். இங்க மூச்சு முட்டிச் செத்தவங்க யாரும் இல்ல. குளிர்ல செத்தவங்க இருக்காங்க."

அதற்கு இருவரும் சிரித்தார்கள். பிறகு என் மனைவி பழகிக்கொண்டாள் என்று நான் நினைத்தேன். பெண்கள் வந்தால் கதவைச் சாத்தவிட்டாள். கதவில் இரண்டு தாழ்ப்பாள் இருந்தன. பகலுக்கு மரக்கட்டை. படுக்கப் போகும்போது, கதவின் உச்சியில் மேல்நோக்கித் தள்ளிச் சட்டத்தில் மாட்டும் இரும்புக் கம்பி. அதை நான்தான் போடுவேன். அவள் நாலடி பத்து அங்குலம். முக்காலி போட்டால்தான் அவளுக்கு எட்டும்.

தப்பால்காரரை எனக்கு நான் அந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து தெரியும். ஐம்பது வயதிருக்கும். காலையில் கடைவீதித் தபாலகத்துக்கு நடந்து போய்ப் பையை வாங்கிக்கொண்டு மேலே வருவார். துரை பங்களா, ஆபீஸ், தொழிற்சாலை, கடைசியில் பாடசாலை. எல்லோரோடும் பேசுவார். லயத்துக்கு வருகிற கடிதங்களைப் படித்துக் காட்டுவார், பதிலும் எழுதிக் கொடுப்பார். இந்தியாவிலிருந்து சாவுச் செய்தி வந்தால் அதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியும். அவரைப் பற்றி யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

எனக்கு வருவதைப் பாடசாலையில்தான் தருவார். அந்த வருடம் வைகாசியிலிருந்து வீட்டில் கொடுக்கத் தொடங்கினார். பாடம் நடக்கும்போது தொந்தரவு செய்யக்கூடாது என்றார். நல்ல யோசனை என்று நான் சொன்னேன். பாடசாலை மூன்றரைக்கு விடும். அவர் மூன்று மணிக்கு மேல், நான் வருமுன், வீட்டுக்கு வருவார்.

ஒரு மாதம் கழித்து, சாப்பிடும்போது, மனைவி சொன்னாள்.

"அந்தத் தப்பால்காரர வெளிய இஸ்தோப்புத் திண்ணையிலயே வச்சுட்டுப் போகச் சொல்லுங்க."

"ஏன்?"

"பார்வை சரியில்ல."

"என்ன செஞ்சாரு?"

"ஒண்ணும் செய்யல."

"என்ன சொன்னாரு?"

"தண்ணி கேட்டாரு. குடிச்சுட்டு அங்கயே நின்னாரு."

"எவ்வளவு நேரம்?"

அவள் தட்டைப் பார்த்தாள். "கடியாரம் பார்க்கல," என்றாள்.

"ஒரு ஆளு இருபது வருஷமா இங்க இருக்காரு. தண்ணி குடிச்சுட்டு நின்னாருன்னு அவருகிட்ட நான் எப்படிப் போய்ச் சொல்றது?"

"எப்படியாச்சும் சொல்லுங்க. நீங்க சொன்னா வெளிய வச்சுட்டுப் போயிருவாரு."

பார்க்கலாம் என்றேன். இரண்டு முறை வழியில் அவரைக் கண்டேன். மழையைப் பற்றிப் பேசினோம். சொல்லவில்லை. மனைவி மறுபடி கேட்கவில்லை. சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாளா, சொல்லமாட்டேன் என்று தெரிந்துகொண்டாளா, எனக்குத் தெரியாது.

ஆடி மாதத்து நடுவில்தான் அந்தப் பிற்பகல்.

தப்பால்காரரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துத் தோட்டத்து மருந்துச்சாலைக்கு அழைத்துப் போனார்கள். மண்டையில் ஆறு தையல். விரல் எலும்பு முறிந்திருந்தது. அதைக் கட்டுவதற்கு ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு லொறியில் அனுப்பினார்கள். நான் வீட்டுக்குள் வந்து மனைவியிடம் கேட்டேன். அவள் அடுப்படியில் நின்றாள். அடுப்பில் மிலாறு, வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, புகைந்துகொண்டிருந்தது.

"என்ன நடந்தது?"

"அடுப்பு ஊதிக்கிட்டு இருந்தேன். கதவத் தள்ளிக்கிட்டு உள்ள வந்தான். பைய இறக்கி வச்சான். எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மேல் தாழ்ப்பாளப் போட்டான். ஒண்ணும் பேசல. எந்திரிச்சுப் போய் அடிச்சேன்."

"எத்தன தடவ?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு," என்றாள். "ரெண்டாவது கையில பட்டுச்சு. தலையப் பிடிச்சிருந்தான். பெறகு தாழ்ப்பாள இழுத்துத் தொறந்துக்கிட்டு, பையத் தூக்கிக்கிட்டுப் போனான். நான் கட்டையப் போட்டேன்."

"உன்னத் தொட்டானா?"

"இல்ல."

"கிட்ட வந்தானா?"

"திரும்பவே இல்லையே. அதுக்குள்ள அடிச்சுட்டேன்."

அடுத்த நாள் எங்கள் வாசல் வழியாகத்தான் பிள்ளைகள் பாடசாலைக்குப் போவார்கள். சிலர் தண்ணீர் கேட்டு உள்ளே வருவதும் உண்டு. ஆகவே அன்று மாலையே ஒரு வாளி தண்ணீரும் பழைய சாக்குத் துண்டும் எடுத்துக் கதவைக் கழுவினேன். கீழிருந்து தொடங்கினேன். கடைசியில் மேல் தாழ்ப்பாள். கம்பியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மனைவி அடுப்படி நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பொலிஸுக்கு ஆபீஸிலிருந்து டெலிபோன் போயிருந்தது. மறுநாள் காலை ஒன்பதரைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். சிங்களவர், மரியாதையான மனிதர், நாற்பது வயதுக்குள். அவருக்குத் தமிழ் வராது. என் மனைவிக்குச் சிங்களம் வராது. எனக்கு இரண்டும் வரும். அவர் சிங்களத்தில் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். அவள் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன், அவர் எழுதினார். வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று அவர் ஆரம்பத்திலேயே கேட்டார். வேண்டாம் என்று நான் சொன்னேன். அவளைக் கேட்கவில்லை.

"திரும்பி நின்றவரை எதற்கு அடித்தீர்கள் என்று கேளுங்கள்," என்றார்.

கேட்டேன்.

"திரும்பிட்டா என்னால அடிக்க முடியாதே," என்றாள் மனைவி.

அதை அப்படியே சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை ஒரு தரம் பார்த்தார். அந்த ஊதாங்குழலைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு என்னிடம், விரல் எலும்பு முறிந்திருப்பதால் இது சின்ன விஷயமாகப் போகாது, அந்த ஆள் கைவைக்கவில்லை, வாய்திறக்கவில்லை, வெளியே ஓடவும் இடம் கொடுக்காமல் பின்னாலிருந்து அடித்தாகிவிட்டது, கோர்ட்டில் இதைத்தான் கேட்பார்கள் என்றார். கதவைப் பூட்டினார் என்று அம்மா சொல்கிறார், அதை மட்டும் எனக்கு விளங்கப்படுத்துங்கள் என்றார்.

அந்த நேரத்தில் நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எழுந்து வாசலுக்குப் போனேன். வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்தேன். கையில் பை இருப்பதுபோல் வைத்துக்கொண்டேன். குதிகாலால் கதவைத் தள்ளினேன். முழங்கையால் மரக்கட்டையை இடித்தேன். கட்டை குழிக்குள் போய் விழுந்தது. மலையில் எல்லோரும் இப்படித்தான் வருவார்கள், பனிக்காகச் சாத்துவார்கள், ஆடிக் காற்றுக்குக் கட்டையும் போடுவார்கள், என் மனைவி வெப்பமான ஊரிலிருந்து வந்தவள் என்று சிங்களத்தில் சொன்னேன். அவள் வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம் தெரியாமல் செய்தாள் என்று காட்டினால் வழக்கு லேசாகும் என்பது என் எண்ணம். இன்ஸ்பெக்டருக்கு உடனே புரிந்தது. தன் வீட்டிலும் அப்படித்தான் என்று தலையை அசைத்தார்.

என் மனைவிக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. என் முழங்கையைப் பார்த்தாள்.

"மேல் தாழ்ப்பாளுங்க," என்றாள். "கட்டை இல்ல. மேல உள்ளது. அதச் சொல்லுங்க."

"அம்மா என்ன சொல்கிறார்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

மேல் தாழ்ப்பாள் என்று சொன்னால், அதில் ஏதாவது அடையாளம் இருந்ததா என்று அடுத்ததாகக் கேட்பார். இருந்தது என்றால், இப்போது எங்கே என்பார். நான் கழுவினேன் என்று சொல்ல வேண்டும். பொலிஸ் வருவதற்கு முன் ஓர் ஆசிரியன், பத்திரிகைக்கு எழுதுகிறவன், இரத்தத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தான் என்று அந்த அறிக்கையில் ஏறும்.

"ஒன்றுமில்லை," என்றேன். "பயந்து போயிருக்கிறாள்."

அவர் புத்தகத்தை மூடினார். தேநீர் குடித்துவிட்டுப் போனார். சம்பவத்தன்று காற்று இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

துரைக்குத் தோட்டத்துக்குள் வழக்கு வருவது பிடிக்காது. இரண்டாம் நாள் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். தப்பால்காரர் முறைப்பாட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார், அம்மா ஆபீஸில் வைத்து எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் போதும் என்றார். பொலிஸும் அதற்கு ஒத்துக்கொண்டதாகச் சொன்னார். இல்லையென்றால் ஹட்டன் கோர்ட். அதற்குப் பிறகு நாங்கள் இருக்கும் பாடசாலை வீட்டைப் பற்றித் தான் எதுவும் உறுதி சொல்ல முடியாது என்றார். கடிதத்தை நானே எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பதினோரு வரி. அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே தடவையில் எழுதினேன். மேசையில் வைத்தேன்.

"படிச்சுப் பாரு."

மனைவி சமையல் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நின்றபடியே படித்தாள். அவளுக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"'மலைநாட்டுப் பழக்கத்தை அறியாமல், வீண் பயத்தினால்.' வீண் பயமாங்க?"

"அப்படி எழுதினாத்தான் ஏத்துக்குவாங்க."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் அங்க இல்லையே. பார்க்காததப் பத்தி நான் என்ன நினைக்கிறது?"

"பார்த்தீங்க," என்றாள். குரல் உயரவில்லை. "மேல் தாழ்ப்பாளப் பார்த்தீங்க. கழுவுனீங்க."

அடுப்பில் ஏதோ பொங்கி வழியும் ஓசை கேட்டது. போய் இறக்கி வைத்துவிட்டு வந்தாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய கையெழுத்து வழக்கம்போல் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

ஆபீஸில் அது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. தப்பால்காரர் கையில் கட்டோடு நின்றார். துரை கடிதத்தைப் படிக்கச் சொன்னார், நான் படித்தேன். மனைவி தரையைப் பார்க்கவில்லை. துரையின் மேசைமேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவாயில்லீங்கம்மா," என்றார் தப்பால்காரர். "புதுசா வந்தவங்க. தெரியாம நடந்துபோச்சு." துரை கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்தார். அன்றிலிருந்து எனக்கு வரும் தபாலை ஆபீஸில் வைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு ஆயிற்று. ஆனி மாதத்தில் அவள் கேட்டது ஏறக்குறைய அதுதான்.

கொழுந்து பறிக்கும் மலையில் இரண்டு வாரம் இதுதான் பேச்சு. கூடையோடு எங்கள் வீட்டைத் தாண்டுகிறவர்கள் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். "மாஸ்டரம்மா அடுப்பு ஊதுறாங்க, தள்ளி நடங்கடி." "கதவச் சாத்தாத, மண்ட உடையும்." கணக்கப்பிள்ளையின் மனைவி வந்தாள். உள்ளே வரும்போது கதவைத் திறந்தே விட்டாள். பனி வந்தது. இரண்டு பேரும் அதில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள். போகும்போது அவள் என் மனைவியின் காதருகே ஏதோ சொன்னாள். என்ன என்று பிறகு கேட்டேன். "அவங்க வீட்டுத் தப்பாலும் இனிமே தோட்டத்து ஆபீஸுலதானாம்," என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் கேட்கவில்லை. எது என்று இப்போது நினைவில்லை.

அந்த வாரம் பத்திரிகைக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பொகவந்தலாவைப் பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் ஓடவில்லை என்பது. நான்காம் பக்கத்தில் போட்டார்கள்.

தப்பால்காரரை மருந்துச்சாலைக்குப் போகும் குறுக்கு வழியில் ஒரு காலை நேரத்தில் தனியாகச் சந்தித்தேன். விரலில் கட்டுப் போட்டிருந்தது. ஒதுங்கி வழிவிட்டார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க மாஸ்டர்."

"ஒண்ணு கேக்கணும்," என்றேன். "அன்னிக்கு மேல் தாழ்ப்பாள எதுக்குப் போட்டீங்க?"

அவர் பையின் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"காத்துங்க, மாஸ்டர்."

"அன்னிக்குக் காத்து இல்ல."

"மலையில காத்து எப்ப வரும்னு யாருக்குங்க தெரியும்," என்றார். கொஞ்சம் சிரித்தார். ஆபீஸ் பக்கம் ஏறிப் போனார். மெதுவாகத்தான் போனார்.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. எழுதியும் வைக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

வீட்டில் சண்டை இல்லை. காலையில் தேநீர் மேசைக்கு வந்தது. சட்டை துவைத்து மடித்திருந்தது. கேட்டால் பதில் வந்தது. ஒரு வித்தியாசம்தான். முன்பெல்லாம் நான் பாடசாலையிலிருந்து வந்தவுடன் அன்று நடந்ததை அவளாகவே சொல்வாள். யார் வந்தார், எந்த லயத்தில் என்ன சண்டை, யார் வீட்டில் ஆடு குட்டி போட்டது என்று, அடுப்பை ஊதிக்கொண்டே சொல்வாள். அது நின்றுபோனது. நான் கேட்டால் சொல்வாள். எத்தனை மணிக்கு, யார், எங்கே. கேட்டதற்கு மட்டும், சுருக்கமாக. பத்திரிகை மேசையில் அப்படித்தான் கேட்போம். அந்த வீட்டில் இன்னும் ஐந்து வருடம் இருந்தோம். ஒன்றாக அதற்குப் பிறகும் இருந்தோம்.

ஆவணி முதல் வாரத்தில் சமையலறைக் கூரைத் தகரம் ஒழுகியது. சரி பார்ப்பதற்குத் தோட்டத்துத் தச்சர் ஒரு சனிக்கிழமை காலை வந்தார். நான் முன்னறை மேசையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தகர வேலை முடிந்து அவர் ஏணியை மடக்கும்போது மனைவி முன்கதவைக் காட்டினாள்.

"அந்த மேல் தாழ்ப்பாளக் கழட்டித் தருவீங்களா?"

"நல்லாத்தானேம்மா இருக்கு. கழட்டுனா முன்கதவுக்கு மரக்கட்டை மட்டும்தான் இருக்கும்."

"பரவாயில்ல. வேற இடத்துல வைக்கணும்."

தச்சர் என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். அவர் ஏணியில் ஏறி நான்கு திருகாணியையும் கழற்றினார். கம்பியின் இடுக்கில் எங்கேயோ கொஞ்சம் பழுப்பு ஒட்டியிருந்தது. துரு என்று சொல்லித் துணியால் துடைத்தார்.

"எங்க வைக்க?"

அவள் அவரைச் சமையலறைக்குள் அழைத்துப் போய், முன்னறைக்கும் அதற்கும் இடையிலுள்ள கதவைத் தொட்டுக் காட்டினாள்.

"எவ்வளவு உசரத்துல?"

அவள் கையை நீட்டித் தோளுக்கு நேராக வைத்தாள்.

"இவ்வளவு கீழயா?"

"எனக்கு எட்டணும்ல."

தச்சர் அதைச் சமையலறைக் கதவின் உட்புறத்தில் குறுக்காகப் பொருத்தினார். தரையிலிருந்து நாலடி.